ஒரு ‘வேண்டாம்’ என்ன விலை?

ஒரு ‘வேண்டாம்’ அன்றைய நிலவரத்துக்கு நாலு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி தனி.

சும்மா வாயால் சொல்கிற வேண்டாம் இல்லை. அது எல்லாக் கல்யாணப் பந்தியிலும் இலவசமாகக் கிடைக்கும். “ஐயையோ போதும், வைக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இலையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுப்பார்கள். இது மண்டைக்குள் வேர்விட்ட வேண்டாம். குடித்துக் குடித்துக் கெட்டு, பிறகு நிறுத்தி, பாட்டிலை நேருக்கு நேர் பார்த்தும் கை நீட்டாமல் இருக்கிறவனின் மூளையிலிருந்து அந்த மறுப்பைப் படியெடுப்பார்கள். நிறுத்த முடியாமல் தவிக்கிற இன்னொருவன் மூளையில் பதியம் போடுவார்கள். ரோஜாக் கிளைக்குப் போடுகிற அதே பதியம்தான். மண்ணுக்குப் பதில் மண்டை.

எந்தச் சரக்குக்கும் தரம் உண்டு. ஆறு மாதம் நிறுத்தியவனின் வேண்டாம் மூன்றாம் தரம். மனைவிக்குப் பயந்து நிறுத்தியவனுடையது கழிவு. குடிகாரர்கள் நடுவிலேயே பிழைப்பு நடத்திக்கொண்டு, வருடக்கணக்காகத் தொடாமல் இருப்பவனுடையது முதல் தரம். அப்படி ஒரு முதல் தரம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தோளில் துண்டோடு திரிகிறது என்று கேள்விப்பட்டுத்தான் டாக்டர் நிலோஃபர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கினார்.

அந்த முதல் தரத்தின் பெயர் கோயில்பிச்சை. ஆட்டுத் தரகர்.

சந்தை என்றால் அன்றைக்குச் சந்தை. பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. ஒவ்வொரு ஆட்டின் காதிலும் வில்லை; கையைக் காட்டினால் எடை, வயது, போட்ட ஊசி எல்லாம் சொல்லும். மேலே குட்டி விமானங்கள் வட்டமடித்து நிமிஷத்துக்கு நிமிஷம் விலையைக் கூவின. ஆளாளுக்குப் போட்டிருக்கும் கண்ணாடி, உதட்டசைவை வைத்தே எதிராளி பேசுவதைப் படித்துவிடும். அதனால்தான் துண்டு இன்னும் பிழைத்துக் கிடந்தது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற விலையைப் படிக்க எவனும் இன்னும் கண்ணாடி செய்யவில்லை.

“கோயில்பிச்சை அண்ணாச்சி நீங்கதானே? உங்களுக்கு ஒன்பது தடவை போன் அடிச்சேன்.”

“சந்தை நாள்ல போன் எடுக்கிற தரகன் வீட்டுல அடுப்பு எரியாது, டாக்டரம்மா. என்ன வாங்க வந்தீய? கிடாயா, குட்டியா?”

“உங்க வேண்டாமை.”

கோயில்பிச்சை சிரித்தார். விஷயம் தெரியாமல் இல்லை. அவர் தங்கை பொன்னுக்கிளியின் கணவன் இசக்கிமுத்து இந்த டாக்டரின் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். ஒரு காலத்தில் இவரும் அவனும் சேர்ந்தே தரகு செய்து சேர்ந்தே குடித்தவர்கள். இவர் நிறுத்திவிட்டார், அவன் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்திக்கொண்டிருந்தான். இப்போது கல்லீரல் கையை விரித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை குடித்தால் பொன்னுக்கிளி தாலியறுக்க வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பதியம் போட நாலு லட்சத்து எழுபதாயிரத்துக்கு எங்கே போவது?

“நீங்க கொடுத்தா உங்க மாப்பிள்ளைக்கு இலவசமாப் போட்டுருவோம்” என்றார் டாக்டர். “ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே பேச்சு. அந்நியர் பதியத்தைவிட நல்லாப் பிடிக்கும். மிச்சப் படிகளை நாங்க வித்துக்குவோம்.”

“மிச்சம்னா எத்தனை? வாயால சொல்லாதீய. கையைக் கொண்டாங்க.”

துண்டை விரித்தார். டாக்டர் கையுறையோடு கையை நீட்டினார்.

“உறை போட்டுக்கிட்டு விலை பேச வந்த முதல் ஆளு நீங்கதான். சரி, ஆட்டுக்கு நல்லது.”

டாக்டர் ஐந்து விரலையும் பிடித்தார். கோயில்பிச்சை இரண்டை மடக்கினார். அவர் நாலுக்கு இறங்கினார். இவர் உதட்டைப் பிதுக்கி, பக்கத்தில் நின்ற கிடாயைப் பார்த்து, “என்ன கொடுமை பாத்தியா?” என்று விசாரித்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. என்ன சரக்கு, எந்த ஊர்க் கிடாய் என்று தெரியாமலே ஆட்கள் பக்கம் பிரிந்து பந்தயம் கட்டினார்கள். கடைசியில் மூன்றில் வந்து நின்றது. கை நழுவுவதற்குள் கோயில்பிச்சை கேட்டார்:

“கொடுத்தவனுக்கு ஒண்ணும் ஆகாதே?”

டாக்டரின் சட்டையில் ஆஸ்பத்திரி வில்லை ஒன்று குத்தியிருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் வில்லை. டாக்டர் அதை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார்: “படியெடுத்த இடம் மூணு வாரம் பச்சை சிமெண்ட் மாதிரி இருக்கும். எது மிதிச்சாலும் தடம் விழும். பத்துப் பேருல ஒருத்தர் திரும்பக் குடிக்கிற வாய்ப்பு இருக்கு.”

வாய் பத்துக்கு ஒன்று என்றது. துண்டுக்கடியில் விரல்கள் பத்துக்கு மூன்று என்று பிடித்தன.

கோயில்பிச்சை அந்தக் கையை ஒரு நிமிஷம் விடவில்லை. துண்டுக்கடியில் பொய் சொல்லாத ஆளை அவர் எப்போதும் மதிப்பார்.

“பேசி முடிச்சாச்சு” என்றார் உரக்க.

*

இசக்கிமுத்துவின் கட்டிலும் சோதனை நாற்காலியும் ஒரே அறையில் இருந்தன. மஞ்சள் பூசியதுபோல் மாறிப்போன கண்ணோடு அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“வாரும் மச்சான். தலையைக் கழத்தித் தரப் போறீராமே.”

“உனக்கு இருக்கிறதுக்கு எதைக் கொடுத்தாலும் லாபந்தாம்ல.”

“நல்ல கதை. நம்ம பஸ் முதலாளிக்கு ஒரு பதியம் போட்டாங்க, தெரியும்லா? சாராயத்தை வேண்டாம்னாரு. அப்புறம் காப்பியை வேண்டாம்னாரு. இப்ப மக கல்யாணத்துக்கு வாற மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாங்காரு. வீட்டம்மா வழக்குப் போடப் போறாவளாம்.”

“அது அளவு கூடிப்போன கேஸ்” என்று டாக்டர் முகம் சிவந்தார். “இப்ப அப்படி இல்லை.”

பொன்னுக்கிளி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். “அண்ணே, இந்த மனுசன் பேச்சைக் கேக்காதே. நீ உக்காரு.”

கோயில்பிச்சை உட்கார்ந்தார். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். மூக்குக்கு எதிரே ஒரு குழாய்.

“பிராந்தி வாசனை வரும்” என்றார் டாக்டர். “உங்க ஆசை எந்திரிக்கும். அதுக்கு உங்க மூளை என்ன பதில் சொல்லுதோ அதை மெஷின் பிடிச்சுக்கும். பச்சை எரிஞ்சா மறுப்பு. அதைத்தான் படியெடுப்போம்.”

வாசனை வந்தது. ஐயோ, என்ன வாசனை! கோயில்பிச்சையின் வாயில் நீர் சுரந்தது. பழைய நண்பன் பின்னாலிருந்து கண்ணைப் பொத்தியதுபோல் உடம்பு சிலிர்த்தது. உள்ளே என்னவோ வழக்கம்போல் நடந்தது. வழக்கம்போல் அது அடங்கியது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரையைப் பார்த்தார்.

திரை சிவந்து கிடந்தது.

டாக்டர் இன்னொரு முறை வாசனையைத் திறந்தார். சிவப்பு. தொப்பியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சிவப்பு.

“அண்ணாச்சி” என்றார் மெதுவாக. “இதுல மறுப்பே இல்லை. ஆசை கேக்குது. உங்க மூளை சரின்னு சொல்லுது.”

“என்ன சரி?”

“குடிக்கச் சரி.”

பொன்னுக்கிளி வெடித்தாள். “இத்தனை வருசமா எங்களை ஏமாத்தினியா? அண்ணி கண்ணுல படாம குடிக்கிறியா? சொல்லு!”

“சத்தியமாத் தொடலை, கிளி.”

“பின்ன மெஷின் பொய் சொல்லுதா?”

கோயில்பிச்சை வாழ்நாளில் கையில் இல்லாத ஆட்டுக்கு விலை பேசியதில்லை. இன்றைக்கு மண்டையில் இல்லாத வேண்டாமுக்கு, ஊர்க் கூட்டத்தின் நடுவே, விரல் பிடித்துப் பேசி முடித்திருந்தார். அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொரு பக்கம்: வேண்டாம் என்று ஒன்று உள்ளே இல்லவே இல்லை என்றால், இத்தனை வருடம் எது தன்னைப் பிடித்து வைத்திருந்தது? ஒன்றுமே இல்லையா?

துண்டை எடுத்து உதறினார். வெளியே நடந்தார்.

*

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல் பிராந்திக் கடை. எந்த ஊரில்தான் இல்லை? நட்ட நடு மத்தியானத்தில் வரிசை நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவனுக்குப் பின்னால் கோயில்பிச்சை போய் நின்றார். நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் நின்றது.

‘கேட்டியா?’ என்றது உள்ளே இருந்த ஆசை. ‘நான் சொன்னா நம்ப மாட்டே. மெஷினே சொல்லிருச்சு. சரின்னு நீயே சொல்லியாச்சு. இனிமே என்ன வீம்பு?’

ஹெல்மெட்காரன் வாங்கிக்கொண்டு நகர்ந்தான். கம்பிக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “என்ன வேணும் அண்ணாச்சி?”

கோயில்பிச்சையின் கையில் பணம் இருந்தது. நெஞ்சு பண்டிகைச் சந்தைபோல் இரைந்தது. வாயைத் திறந்தார்.

“நாளைக்கு வாரேன்.”

தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“நாளைக்குக் கடை லீவு” என்றான் அவன். “இன்னைக்கே வாங்கிட்டுப் போயிருங்க.”

“லீவா? அப்ப நாளான்னைக்கு.”

பின்னால் நின்றவன் முதுகில் இடித்தான். “வாங்குனா வாங்கும், இல்லன்னா வழியை விடும் வே! கல்யாணத்துக்கா தேதி குறிக்கீரு?”

கோயில்பிச்சை திரும்பினார். அவனைக் கட்டிப்பிடித்தார். அவன் பயந்துபோனான். “தேதி! ஆமா வே, தேதி! மெஷின் தேதியைப் பாக்கலை!” என்று கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி ரோட்டைக் கடந்து ஓடினார். ஒரு ஆட்டோக்காரன் அவருடைய வம்சத்தையே விசாரித்தான், காதில் விழவில்லை.

*

“டாக்டரம்மா! ஒரு வார்த்தை!”

மூச்சிரைக்க அவர் சொன்னதைக் கேட்க டாக்டர் மட்டும் இல்லை, இரண்டு நர்சுகளும் வந்துவிட்டார்கள்.

“எங்கப்பா மளிகைக் கடை வச்சிருந்தாரு. கல்லாவுக்கு மேல ஒரு போர்டு தொங்கும். எல்லாக் கடையிலயும் தொங்குமே, ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. கடன் கேட்டு வாறவனை எங்கப்பா ஒருநாளும் இல்லைன்னு விரட்டினது கிடையாது. இல்லைன்னா சண்டைக்கு நிப்பான், ஊரெல்லாம் ஏசுவான், அந்தக் கோவத்துலயே நாலு தடவை திரும்பி வருவான். எங்கப்பா சிரிச்ச முகமா ‘தாரேனே, நாளைக்கு வா’ம்பாரு. அவன் சந்தோசமாப் போயிருவான். நாளைக்கு வந்தாலும் போர்டுல என்ன இருக்கு? நாளை கடன்!”

நர்சு ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“நானும் அதைத்தாம்மா பண்ணியிருக்கேன். எனக்கே தெரியலை. ஆசை வந்து நிக்கும். வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்லை. ‘சரி, நாளைக்கு’ன்னு சொல்லி அனுப்பிருவேன். உங்க மெஷினு ‘சரி’யைப் பிடிச்சுக்கிட்டு ‘நாளைக்கு’ங்கிறதை விட்டுருச்சு.”

டாக்டர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெஷினுக்குக் காலம் தெரியாது” என்றார் மெல்ல. “ஆமா வேற, இல்லை வேற. அவ்வளவுதான் தெரியும். நாளைங்கிறது மூளையில வேற இடத்துல இருக்கு.”

“அப்ப சேத்துப் படியெடுங்க. மாப்ளைக்குப் போடுங்க.”

“முடியாது அண்ணாச்சி” என்றார் டாக்டர். “சரி மட்டும்தான் போகும். நாளைக்குங்கிறது போகாது. நான் மெஷினை நம்பாம, உங்களை நம்பி, பச்சைன்னு எழுதிப் பதியம் போட்டிருந்தேன்னு வச்சுக்கோங்க, உங்க மாப்பிள்ளை மண்டையில தேதி இல்லாத சரியை நட்டிருப்பேன். அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும்.”

பொன்னுக்கிளி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இலவசம் போயிற்று. நாலு லட்சத்து எழுபதாயிரம் மட்டும் எதிரே நின்றது.

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. இசக்கிமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். இருமலும் சிரிப்புமாக.

“மச்சான், உம்ம போர்டு எனக்கு ஆகாது. நாளைக்குன்னு நான் சொல்லாத நாளா? அது ராத்திரி எங்க வாசல்லயே படுத்துக் கிடந்து விடியக்காலம் கதவைத் தட்டும். நான் கடைக்காரன் மவன் இல்லை வே. கடையில சம்பளத்துக்கு நின்னவன்.”

“அதுக்கு?”

“சம்பளத்துக்கு நிக்கிறவன்கிட்ட ஒருத்தன் கடன் கேட்டா என்ன சொல்லுவான்? ‘எனக்கு ஒண்ணும் தெரியாது. முதலாளி வெளிய போயிருக்காரு.’” இசக்கிமுத்து டாக்டரைப் பார்த்தான். “அந்தத் தொப்பியை என் தலையில வைங்க. குழாயைத் திறங்க.”

“வேண்டாம்!” என்று பொன்னுக்கிளி எழுந்தாள்.

“அட, இந்த அறையிலயே அசல் வேண்டாம் இவகிட்டத்தான் இருக்கு. இதைப் படியெடுங்களேன். திறங்க டாக்டரம்மா. வாசனைதானே, குடிக்கவா போறேன்?”

டாக்டர் தொப்பியை மாட்டி, தயங்கித் தயங்கித் திறந்தார். இசக்கிமுத்துவின் மூக்கு விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை போர்வையைக் கசக்கியது. திரை சிவந்து, இன்னும் சிவந்து, நெருப்புத் துண்டுபோல் ஆனது. அவன் பல்லைக் கடித்தபடி ஒரு கையைப் பக்கத்தில் நீட்டினான்.

“முதலாளியைக் கேட்டுத்தான் சொல்லணும்.”

கோயில்பிச்சை துண்டை எடுத்து அந்தக் கைமேல் போட்டார். அடியில் கையை விட்டார். விரல்கள் வெந்நீர் மாதிரிக் கொதித்தன. என்ன விலை சொல்ல? ஒரு விரலையும் பிடிக்காமல், உள்ளங்கையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“நாளைக்கு வரச்சொல்லு” என்றார்.

இசக்கிமுத்துவின் தோள் இறங்கியது. மூச்சு இறங்கியது. திரை மட்டும் பச்சையாகவில்லை. சிவப்பிலிருந்து இறங்கி, இதுவரை டாக்டரே பார்க்காத ஒரு மஞ்சளுக்கு வந்து நின்றது. மெஷின் ரொம்ப நேரம் யோசித்தது. கடைசியில் எழுதிக் காட்டியது: மறுப்பு இல்லை. இசைவு உண்டு. நிறைவேற்றம் நிலுவை.

“இதை எந்தக் கணக்குல எழுதுறது?” என்றார் டாக்டர். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். “ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. சோதனையில தோத்துட்டீங்கன்னு எழுதிடறேன், இல்லன்னா இதுக்கும் விலை போட்டுருவாங்க. தினமும் பேசிக்கோங்க. மாப்பிள்ளைக்கு நீங்கதான் முதலாளி, மறந்துறாதீங்க.”

*

மறக்கவில்லை. தினம் போன் வரும்.

“முதலாளி, அது வந்து நிக்குது.”

“நாளைக்கு வரச்சொல்லுல.”

சில நாள் மூன்று தடவை. ஒருநாள் பதினோரு தடவை. அன்றைக்குக் கோயில்பிச்சை இரண்டு கிடாய் பேரத்தைப் பாதியில் விட்டார். அடுத்த பண்டிகை வருவதற்குள் இசக்கிமுத்துவின் கண்ணில் மஞ்சள் வடிந்தது; அவன் சந்தைக்கே வந்து நிற்க ஆரம்பித்தான். பொன்னுக்கிளி மட்டும் இன்னும் அவன் சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பதை விடவில்லை.

ஆபத்து துக்கத்தில் வரும் என்றுதான் எல்லோரும் காவல் இருப்பார்கள். அது பூமாலையோடு வந்தது. அந்தப் பண்டிகைச் சந்தையில் கோயில்பிச்சை நூற்றுக்கு மேல் கிடாய்களை ஒரே பேரத்தில் தள்ளிவிட்டார். சந்தையே அதிர்ந்தது. தோளில் தூக்கினார்கள். வாங்கிய ஆள் மகிழ்ச்சியில் ஒரு நல்ல பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

“நாளைக்கு” என்றார் உள்ளுக்குள்.

‘போர்டைச் சரியாப் படி’ என்றது அது. ‘நாளைக் கடனை யாரு கேட்டா? இன்று ரொக்கம்னு மேல எழுதியிருக்கே. உன் மடி நிறைய ரொக்கம். நான் இன்னைக்குக் கடனுக்கு வரலை, முதலாளி.’

கோயில்பிச்சைக்கு வியர்த்தது. நியாயமான பேச்சு. ரொக்கத்தோடு வருகிறவனை எந்தக் கடைக்காரன் திருப்பி அனுப்புவான்? கூட்டத்தில் கண் தேடியது. ஆட்டு வண்டிக்குப் பக்கத்தில் இசக்கிமுத்து. இடித்துப் பிடித்துக்கொண்டு போய், பாட்டிலையும் கையையும் சேர்த்துத் துண்டால் மூடி நீட்டினார்.

“மாப்ளை, முதலாளி இருக்காரா?”

இசக்கிமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். கேலி ஒன்று உதடுவரை வந்தது, விழுங்கிவிட்டான்.

“நாந்தான். என்ன விஷயம்?”

“அது ரொக்கத்தோட வந்து நிக்குது.”

துண்டுக்கடியில் இசக்கிமுத்துவின் விரல்கள் பாட்டிலைத் தொட்டன. நின்றன. அவனுக்கும் அது எமன்தான். ஒரு மூச்சு நேரம் இரண்டு கைகளும் ஒரே பாட்டிலைப் பிடித்திருந்தன. பிறகு அவன் அதை மெல்ல உருவி, பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிடாயின் தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தான். கிடாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

“ரொக்கமாவே இருக்கட்டும்” என்றான். “சரக்கு தீந்து போச்சு. நாளைக்கு லோடு வருதுன்னு சொல்லும்.”

கோயில்பிச்சை சொன்னார். அது முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

இரண்டு பேரும் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு டீயை இரண்டாக்கிக் குடித்தபடி கோயில்பிச்சை சொன்னார்: “எங்க வம்சத்துல கடனோட செத்தவன் ஒருத்தன் கிடையாதுல. நான்தான் முதல் ஆளாச் சாகணும்.”

“நான் ரெண்டாவது” என்றான் இசக்கிமுத்து. “சரி, கணக்கைப் பாரும்.”

பார்த்தார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று கோயில்பிச்சை வாக்குக் கொடுத்த வகையில் ஏறக்குறைய ஒரு லாரிச் சரக்கு. இசக்கிமுத்து வகையில், முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றது, ஒரு மூன்று சக்கர வண்டி கொள்ளும். தொட்டியில் கவிழ்த்தது கிடாய்க் கணக்கு, அதில் சேராது. இரண்டு பேரும் ஆசைக்கு இதுவரை கொடுத்தது ஒரு சொட்டும் இல்லை. பாக்கி அப்படியே நிற்கிறது. கெடு, நாளை.